ஏழாயிரத்து இருநூறு கேட்டேன்

சங்கரன்கோவில்
9.7.2014

நெல்லைநாயகம் கம்ப்யூட்டர்ஸ், திருநெல்வேலி – உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் ரசீதின் பின்பக்கம் ‘புகார்கள் எழுத்து மூலம் மட்டுமே ஏற்கப்படும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். போன் செய்தேன். எடுத்தவர் அதே வரியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். சரி, எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு. நீங்கள் குறுக்கே பேச முடியாது.

என் பெயர் இசக்கிசெல்வி. இங்கே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பள்ளி நேரம் போக, இந்த ஊரிலும் மேலநீலிதநல்லூர்ப் பக்கமும் உள்ள பெண்களைச் சேர்த்து ஒரு கபடி அணி நடத்துகிறேன். மே மாதம் என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதால் உங்கள் கடைக்குக் கொண்டுவந்தேன். நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று சுற்றுகிற டிஸ்க்தான் வேண்டும் என்று உங்களிடமே சொன்னேன். “போட்டிருவோம்லா” என்றீர்கள்.

போன ஞாயிறு புளியங்குடியில் எங்களுக்கு லீக் போட்டி. எதிரணியில் ஏழாம் நம்பர் பனியன் போட்ட ஒரு பெண். அவள் பாடி வந்தால் எந்தப் பக்கம் திரும்பித் தொடுகிறாள் என்றே எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. முதல் பாதியிலேயே ஆறு பேரை வெளியேற்றிவிட்டாள். நான் கவலைப்படவில்லை. அவளுடைய பழைய ஆட்டங்களை வீடியோ எடுத்து, துண்டு துண்டாக வெட்டி லேப்டாப்பில் வைத்திருந்தேன். இடைவேளை ஐந்து நிமிடம். அதில் காட்டிவிடலாம் என்றிருந்தேன்.

எங்கள் மைதானங்களில் பிளக் கிடையாது. என்னுடையது பழைய பேட்டரி, முதல் பாதி முழுக்க ஓடவிட்டால் இறங்கிவிடும். ஆகவே அணைத்து வைத்திருந்து இடைவேளையில்தான் போட வேண்டும். போட்டேன். ஏழு பிள்ளைகளும் வேர்வை ஒழுகச் சுற்றி உட்கார்ந்து திரையையே பார்த்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் அணியில் இடது மூலையில் நின்று பிடிக்கிற ரூபியா கேட்டாள்: “என்ன டீச்சர், இன்னுமா சுத்துது? நாம போயி ஆடிட்டு வந்துருவோமா?”

வீடியோ திறந்து அந்த ஏழாம் நம்பர் கோட்டைத் தாண்டுகிற நேரம் நடுவர் விசில் ஊதிவிட்டார். மூன்று புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பின் அடிமூடியில் இரண்டு திருகாணியைக் கழற்றினேன். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் 5400 என்று எழுதியிருந்தது. நான் கேட்டதை ஏன் போடவில்லை? எழுத்து மூலம் பதில் வேண்டும்.

இசக்கிசெல்வி

•

திருநெல்வேலி
14.7.2014

அன்புள்ள தங்கச்சி இசக்கிசெல்விக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் கடைக்குப் பதினேழு ஆண்டுகளாக நல்ல பெயர். இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை.

நீங்கள் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் கொடுப்பவன் வியாபாரி. வாடிக்கையாளருக்கு எது நல்லது என்று பார்த்துக் கொடுப்பவன் மெக்கானிக். நான் மெக்கானிக்காக இருந்து கடை வைத்தவன். வேகமாகச் சுற்றுகிற டிஸ்க் அதிகம் சூடாகும், பேட்டரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். நம் ஊர் வெயிலில், நாளுக்கு எத்தனை முறை கரண்ட் போகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், மெதுவாகச் சுற்றுவதுதான் நாள்பட உழைக்கும். பெண்பிள்ளைகள் விளையாட்டை வீடியோவில் பார்ப்பதற்கு அதுவே தாராளம். தங்கள் நன்மைக்காகத்தான் செய்தேன்.

இன்னொன்று. லேப்டாப்பை முழுசாக அணைக்க வேண்டியதில்லை. தூங்கும் நிலையில் வைத்துவிட்டால் நாலைந்து வினாடியில் விழித்துக்கொள்ளும்.

தாங்களே திருகாணியைக் கழற்றியதால் எங்கள் கடையின் சீல் உடைந்திருக்கும். விதிப்படி இனி வாரண்டி இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். வீடுகளில் இதுபோன்ற வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.

என்றும் சேவையில்,
ப. நெல்லைநாயகம்

•

சங்கரன்கோவில்
17.7.2014

நெல்லைநாயகம் அண்ணாச்சிக்கு,

கடைக்காரர் என்ற முறையில் அண்ணாச்சி என்கிறேன். நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. தங்கச்சி என்று கூப்பிட்ட பிறகு வருவதெல்லாம் புத்திமதியாகவே இருக்கிறது. டீச்சர் என்று எழுதுங்கள், அல்லது பெயரை எழுதுங்கள்.

தூங்க வைத்துப் பார்த்தாயிற்று. என் லேப்டாப் தூங்கினால் எழுந்திருப்பதில்லை. திரை கறுப்பாகவே நிற்கும், கடைசியில் பட்டனை அமுக்கி அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் எதையும் கேட்கவில்லையே.

சூடாகும் என்கிறீர்கள். ஆகட்டும். அது எனக்கும் தெரியும், படித்துவிட்டுத்தான் வந்தேன். என் லேப்டாப் ஒரு நாளில் ஐந்து நிமிடம், அதுவும் மாதத்தில் இரண்டு நாள்தான் அவசரப்படும். மற்ற நாளெல்லாம் அது நிதானமாக இருந்து எனக்கு என்ன பயன்? எதற்கு வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “வெயில்ல வச்சா சூடாகும் டீச்சர், பரவாயில்லையா” என்று கேட்டிருந்தால் பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன். நீங்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறொன்றைப் போட்டு மூடினீர்கள். இதற்கு நன்மை என்று பெயரில்லை.

‘பெண்பிள்ளைகள் விளையாட்டை வீடியோவில் பார்ப்பதற்கு அதுவே தாராளம்.’ இந்த வரியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ரூபியா, “அவரு கடையில ஆம்பள கபடிக்கு வேற டிஸ்க் விக்காரா டீச்சர்?” என்று கேட்டாள். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.

சீல் பற்றி: திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் என்ன போட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்காது. சீல் எதற்கு என்று இப்போது புரிகிறது.

உங்களிடம் இரண்டு வகை டிஸ்க்கும் இருக்கும். இரண்டிலும் என்னுடையது போல ஒரு பழைய லேப்டாப்பை ஓட்டுங்கள். பட்டனை அமுக்கியதிலிருந்து வீடியோ ஓடத் தொடங்கும் வரை எத்தனை நேரம் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு நேர்மை இருந்தால் கூட்டிக் குறைக்காமல் எழுதுவீர்கள்.

இசக்கிசெல்வி

•

திருநெல்வேலி
26.7.2014

டீச்சர் அவர்களுக்கு,

நேர்மை என்ற வார்த்தையை எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடையை மதியம் அடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரே மாடல் லேப்டாப், ஒரே வீடியோ, ஒவ்வொன்றிலும் நாலு தடவை. மெதுவான டிஸ்க்கில் மூன்று நிமிடம் நாற்பது வினாடி. வேகமானதில் இரண்டு நிமிடம் இருபத்தைந்து. ஒன்றேகால் நிமிடம் வித்தியாசம். அரை நிமிடம்கூட இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒன்றேகால் நிமிடம் பெரியதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தச் சோதனை கடைக்குள், மின்விசிறிக்கு அடியில் நடந்தது. உங்கள் மைதானத்தில் மின்விசிறி இல்லை. அதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் கல்யாண வீடியோ எடுக்கிற இசக்கித்துரை என்பவருக்கு அவர் கேட்டபடி வேகமான டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். ஏழாம் மாதம் அது செத்தது. அதற்குள் மூன்று வீட்டுக் கல்யாணம் இருந்தது. அதில் ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்து பத்தே நாளில் தவறிவிட்டார். அவர் முகம் கடைசியாக இருந்தது அந்த வீடியோவில்தான். இசக்கித்துரை என் கடை ஸ்டூலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வேகத்தால்தான் அது செத்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மெதுவானதும் சாகும். ஆனால் அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். அவசியம் இல்லாதவர்களுக்கு வேகமானது போடுவதில்லை என்று.

யாருக்கு அவசியம், யாருக்கு இல்லை என்று நானே வைத்துக்கொண்டேன். ஆபீஸ் ஆட்கள், காலேஜ் பையன்கள் கேட்டால் போட்டேன். பெண்கள், வயசானவர்கள் கேட்டால் தலையாட்டிவிட்டு மெதுவானதைப் போட்டேன். எட்டு வருடத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

ரூபியாவின் கேள்விக்கு இதுதான் பதில். ஆம், அப்படித்தான் விற்றேன்.

பார்சலில் 7200 டிஸ்க் வருகிறது. திருகாணியை நீங்களே கழற்றி மாட்டிக்கொள்வீர்கள் என்று தெரியும். வெயிலில் அணைந்துபோனால் மறைக்காமல் எழுதுங்கள்.

ப. நெல்லைநாயகம்

•

சங்கரன்கோவில்
13.8.2014

அண்ணாச்சிக்கு,

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்ட பிறகுதான் பயிற்சியைத் தொடங்க முடிந்தது. டிஸ்க்கை மாட்டிவிட்டேன். மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

முதல் நாள், மேலநீலிதநல்லூர்க் கரிசல் மண்ணில், மூன்று மணி வெயிலில் தரையில் வைத்து ஓட்டினேன். பதினோராம் நிமிடம் அதுவாகவே அணைந்தது. தொட்டால் தோசைக்கல். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்காது.

இரண்டாம் நாள் நாலு செங்கல்லை மூலைக்கு ஒன்றாக வைத்து, அடியில் காற்றுப் போகிற மாதிரி அதன்மேல் வைத்தேன். மாற்று ஆட்டக்காரி ஒருத்தி குடை பிடித்தாள். பேட்டரி இறங்குகிற வரை ஓடியது, சூட்டில் அணையவில்லை. எனக்கு வேண்டியது ஐந்துதான். இரண்டரை நிமிடத்துக்குள் வீடியோ வந்துவிடுகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆகவே சூடு விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நீங்கள் செய்தது தப்பு. இரண்டும் தனித்தனி.

எட்டு வருடமாக நீங்கள் தலையாட்டி அனுப்பிய பெண்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் லேப்டாப் மெதுவாக இருந்திருக்கும். ‘எனக்குத்தான் சரியா ஓட்டத் தெரியலை போல’ என்று நினைத்திருப்பார்கள். அதை நீங்கள் எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடை வாசலில் போர்டு வையுங்கள். இரண்டு வகை டிஸ்க், இன்ன வேகம், இன்ன சூடு, இன்ன விலை, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று. கையால் எழுதினாலும் போதும்.

அந்தத் தோல்வியையும் தாண்டி லீக் புள்ளிக் கணக்கில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறோம், செப்டம்பர் 7 ஞாயிறு சிவகிரியில். எதிரில் அதே புளியங்குடி அணி, அதே ஏழாம் நம்பர்.

இசக்கிசெல்வி

•

திருநெல்வேலி
30.8.2014

டீச்சருக்கு,

போர்டு வைத்து இரண்டு வாரம் ஆகிறது. ஒன்பது பேர் டிஸ்க் மாற்ற வந்தார்கள். ஆறு பேர் வாசித்துப் பார்த்துவிட்டு மெதுவானதையே கேட்டார்கள். ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது. அவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

தையல் வேலை செய்கிற ஓர் அம்மா வேகமானதைக் கேட்டார். எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. பில் போடும்போது அவரே சொன்னார்: “டிசைன் படம் தொறக்கதுக்குள்ள வந்த ஆளு எந்திச்சுப் போயிருதுவ அண்ணாச்சி.”

ஏழாம் தேதி பிள்ளைகள் நன்றாக ஆடட்டும்.

ப. நெல்லைநாயகம்

•

சங்கரன்கோவில்
8.9.2014

அண்ணாச்சிக்கு,

ஒரு புள்ளியில் தோற்றோம். இருபத்திரண்டு, இருபத்தொன்று.

டிஸ்க் மேல் குற்றமில்லை. டிஸ்க் ஓடவே இல்லை. இடைவேளை விசில் ஊதியதும் நான் செங்கல்லை அடுக்கி லேப்டாப்பை வைத்தேன். பட்டனில் கை வைக்குமுன் போட்டிக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து நின்றார். “எதுக்கும்மா இதெல்லாம்? இங்கன வைக்கக்கூடாது, எடுங்க” என்றார்.

“எந்த விதியில இருக்கு?” என்று கேட்டேன்.

“விதி என்ன விதி? பொம்பளப் பிள்ளைய வெளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? சும்மா ஆடிட்டுப் போங்கம்மா. நல்லா கூட்டம் வந்துருக்கு, பெறகு என்ன?”

காலையில் ஆண்கள் போட்டி. அதில் ஒரு பயிற்சியாளர் பெரிய திரை போனில் வீடியோ போட்டு இடைவேளை முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அதைச் சொன்னேன். “அது போனு, இது கம்ப்யூட்டர்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எடுக்கமாட்டேன் என்றேன். அவர் மூடியைப் பிடித்தார், நானும் பிடித்தேன். இப்படியே நாலு நிமிடம் போயிற்று. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், “காலையில அந்த அணி காட்டுச்சே” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மீதியிருந்த ஒரு நிமிடத்தில் லேப்டாப்பை விட்டுவிட்டு, நானே அந்த ஏழாம் நம்பர் மாதிரி பாடிக் காட்டினேன். இடது தோளை இறக்கினால் வலது காலால் உதைப்பாள் என்று. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும். அதற்கும் சிரித்தார்கள். ரூபியா சிரிக்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்த ஏழாம் நம்பரை இரண்டு முறை முழங்காலோடு கட்டிப் பிடித்துப் போட்டாள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் புரிந்திருக்கும்.

டிஸ்க் எத்தனை சுற்று சுற்றினால் என்ன, பட்டனை அமுக்கவே விடமாட்டார்கள் என்றால்? நான் விடப்போவதில்லை. யாரிடம் முறையிடுவது என்றுதான் யோசிக்கிறேன்.

இசக்கிசெல்வி

•

திருநெல்வேலி
10.9.2014

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. ‘ஒருத்தர், ஒரே ஒருத்தர்’ என்ற வரிக்கு மேல் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை.

நான் அங்கே இருந்தேன். சொல்லாமல் வந்தேன். டிஸ்க் வெயிலில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையிலேயே வந்துவிட்டதால் ஆண்கள் போட்டியில் அந்தப் பயிற்சியாளர் போனில் காட்டியதையும் பார்த்தேன். நீங்கள் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வேப்பமரத்துப் பக்கம் மூன்றாவது வரிசையில் நின்றேன். எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றவர், “இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு திமிரு பாத்தியளா வே” என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். என் தலைக்கு அது பழகிப்போயிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் உங்களைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

ப. நெல்லைநாயகம்

•

சங்கரன்கோவில்
13.9.2014

அண்ணாச்சிக்கு,

மன்னிக்கமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டு, யோசித்துத்தான் எழுதுகிறேன். மன்னித்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம், சாட்சி வேண்டும்.

நான் மட்டும் எழுதினால் தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள். அந்தக் காலை ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கடிதம் எழுத வருகிறது. கமிட்டிக்கு எழுதுங்கள். நகல் எனக்கு வேண்டும்.

பிள்ளைகளிடம் நீங்கள் அங்கே நின்றதைச் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை.

இசக்கிசெல்வி

•

திருநெல்வேலி
17.9.2014

டீச்சருக்கு,

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இது.

‘போட்டிக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கு. 7.9.2014 அன்று தங்கள் மைதானத்தில் காலை நடந்த ஆண்கள் போட்டியின் இடைவேளையில், ஒரு பயிற்சியாளர் தம் அணிக்குத் திரையில் வீடியோ காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. மதியம் பெண்கள் போட்டியில் அதே காரியத்தைச் செய்ய வந்த பயிற்சியாளர் இசக்கிசெல்வி அவர்களைத் தங்கள் ஆள் தடுத்து, ஐந்து நிமிட இடைவேளையில் நாலு நிமிடத்தைத் தின்றதையும் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்களுக்கு வேறு விதி என்று எழுதித் தங்கள் முத்திரையுடன் எனக்கு அனுப்புங்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அது என் கோழைத்தனம். இன்று எழுதுகிறேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன். இப்படிக்கு, ப. நெல்லைநாயகம்.’

கோழைத்தனம் என்ற வார்த்தையை இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை எழுதி அப்படியே ஒட்டிவிட்டேன்.

ப. நெல்லைநாயகம்

•

சங்கரன்கோவில்
24.9.2014

அண்ணாச்சிக்கு,

கமிட்டியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. “என்னம்மா, யாரோ திருநெல்வேலிக்காரர் முத்திரை போட்டுக் கேக்காரு” என்றார்கள். முத்திரை போட்டுக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை போலிருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிவகிரியில் கூட்டம். விதியை அங்கேயே பேசி முடிவெடுப்பார்களாம். “பேசித் தீத்துக்கிடலாம்” என்றார். தீர்த்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை. எழுதி வாங்கப்போகிறேன்.

நானும் ஏழு பிள்ளைகளும் எட்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். நீங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால் சங்கரன்கோவில் ஸ்டாண்டிலேயே எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகள் உங்களிடம் சிரித்துப் பேசமாட்டார்கள். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்றே ஒன்று. மூன்றாவது வரிசையில் நிற்காதீர்கள். முன்னால் வந்து, என் பக்கத்தில் நில்லுங்கள்.

இசக்கிசெல்வி